பெருநாள் சல்லி எந்தக் கடைக்குப் போனது

அந்த நோன்புப் பெருநாள் பின்னேரம் பையன்கள் என் கடைக்குள் வந்தார்கள், டிஸ்க்குகளின் உறைகளைத் தடவிப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், போய்விட்டார்கள். வாங்கவில்லை.

புத்தளம் பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு புடவைக்கடைக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் கடை எங்களுடையது. வீடியோ கேம் விற்கிறோம். டிவியில் பொருத்தும் கேம் மெஷின், அதில் போடும் டிஸ்க், கையில் பிடிக்கும் கொன்ட்ரோலர். பெருநாளன்று பகல் சாப்பாடு முடிந்த பிறகுதான் ஷட்டரைப் பாதி தூக்குவோம். சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போய் சலாம் சொல்லி, பெரியவர்கள் கையில் திணித்த புத்தம் புதுத் தாள்களைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு பையன்கள் வருகிற நேரம் அது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பெருநாள் சல்லி என்று பெயர். கடைக்குள் அத்தரும் புரியாணியும் புதுத் துணிப் பசையும் கலந்த ஒரு வாசம் நிற்கும். முன்னைய வருடங்களில் அந்த வாசம் அடிக்கும்போதே சாமான் விற்று முடிந்துவிடும்.

அன்று வாசம் இருந்தது. வியாபாரம் இல்லை.

கடையில் என் பங்காளி பாரிஸ் கதிரையில் சாய்ந்து, பெருநாள் இனிப்பான மஸ்கட்டில் ஒரு துண்டை மென்றுகொண்டிருந்தான். முகத்தில் ஒரு கவலையும் இல்லை. வியாபாரம் படுத்துக் கிடக்கும்போது பங்காளி நிம்மதியாக மஸ்கட் சாப்பிட்டால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன்.

லீவு நாளின் குணம்

இந்தத் தொடரை வாசிக்கிறவர்களில் கேம் கடை வைத்திருப்பவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். அதனால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். லீவு நாளில் கேம் விற்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். விற்காது. லீவுக்கு முந்தின நாள்தான் விற்கும்; பிள்ளை கையிலேயே சல்லி இருக்கிற பெருநாள் மட்டும் விலக்கு. லீவன்று வாப்பா வீட்டில் நிற்பார்; அவர் முன்னால் பிள்ளை எதையும் வாங்கக் கேட்காது. முந்தின நாள் உம்மாவிடம் கேட்கும். லீவுக்கு அடுத்த நாள் உடைந்த கொன்ட்ரோலர்கள் வரும். தம்பி எறிந்தான், மூத்த நானா மிதித்தார், தேத்தண்ணி ஊற்றுப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை இருக்கும். நான் எந்தக் கதையையும் நம்புவதில்லை.

பௌர்ணமி லீவான போயா மாதா மாதம் வரும். அது வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் எங்களுக்கு நல்ல காலம். புதன்கிழமைப் போயாவால் பிரயோசனம் இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊரே காலியாகிவிடும், ஆனால் அதற்கு முந்தின கிழமை சிலாபம் பக்கத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். நத்தாருக்குக் கரையோரத்துக் கத்தோலிக்க வீடுகளில் மாதத் தொடக்கத்திலேயே வாங்கி ஒளித்து வைப்பார்கள்.

இந்தப் பெருநாள் மட்டும் எப்போதும் ஒரு சிக்கல். கொழும்பில் எங்களுக்குச் சாமான் தருகிற மொத்த வியாபாரி ஒரு சிங்களவர், நல்ல மனிதர். சரியாக எந்தத் திகதி என்று ஒவ்வொரு வருடமும் கேட்பார். பிறை பார்த்தால்தான் தெரியும் என்பேன். நாட்காட்டியில் சிவப்பாகப் போட்டிருக்கிறதே என்பார். அது அண்ணளவு என்பேன். நான் சாமானை ஒரு நாள் பிந்தி எடுப்பதற்குச் சாட்டுச் சொல்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். அவர் நல்ல சாமானை வேறு யாருக்கோ ஒதுக்கி வைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். இரண்டு பேரும் இப்படியே பல பெருநாள்களைக் கடந்துவிட்டோம்.

நானும் பாரிஸும்

என் சந்தேகக் குணம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். நாங்கள் மன்னாரிலிருந்து வந்தவர்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றியபோது, கையில் அகப்பட்டதோடு இங்கே வந்து இறங்கினோம்; நான் அப்போது சின்னப் பிள்ளை. ஓலைக் கொட்டிலில் இருந்த அந்த முதல் வருடங்களில் வாப்பா பெட்டிகளை முழுதாக அவிழ்க்கவே விடமாட்டார். உடுப்பு பாதி பைக்குள், பாதி கயிற்றில் இருக்கும். யாராவது சிரித்துக்கொண்டு வந்தால், இவர் எதற்குச் சிரிக்கிறார் என்று பார்த்துப் பழகிய வீடு எங்களுடையது.

பாரிஸ் ஊர்க்காரன். அவனுடைய மூதாதையருக்கு வாவிக்கரையில் உப்பு வயல். பள்ளிக்கூடத்தில் எங்களை அகதிப் பிள்ளைகள் என்று தனி வாங்கில் இருத்தியபோது அவன் எழும்பி வந்து என் பக்கத்தில் இருந்தான். ஏன் வந்தான் என்று பல மாதம் யோசித்தேன். என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று விளங்கிய பிறகுதான் அவனோடு விளையாடப் போனேன்.

பெரியவனானதும் கட்டாரில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு வந்தேன். வரும்போது ஒரு பெட்டி நிறையப் பாவித்த டிஸ்க்குகள் கொண்டு வந்தேன். அவனுடைய குடும்பத்துக் கடையறை ஒன்று பூட்டிக் கிடந்தது. அப்படித்தான் கூட்டு வியாபாரம் தொடங்கியது. அவனுடைய மனைவி மௌத்தாகிப் பல வருடம். பிள்ளைகள் இல்லை. கடைதான் அவனுக்கு வீடு மாதிரி.

இரண்டு சந்தேகங்கள்

அந்தப் பெருநாளுக்கு முன்பிருந்தே நான் சில விஷயங்களைக் கவனித்து வந்தேன்.

ஒவ்வொரு லீவுக்கும் முந்தின கிழமை பாரிஸுக்கு ஒரு கோல் வரும். கடைக்குள் பேசமாட்டான். வெளியே போய், கழிவுநீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் நின்று, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதைப்பான். யாரென்று கேட்டால் சும்மா ஒரு ஆள் என்பான். கொழும்பு பஸ்ஸில் எங்களுக்கு வரும் பார்சலை நான்தான் போய் எடுப்பேன். ஒருநாள் நேரத்தோடு போனபோது, பாரிஸ் நானா அப்போதே வந்து ஒரு பெட்டியைக் கொண்டு போய்விட்டார் என்று கொண்டக்டர் சொன்னார். அந்தப் பெட்டி கடைக்கு வரவில்லை.

வீட்டிலும் ஒன்று. என் தங்கச்சி நஸ்ரியா, கலியாணம் முறிந்த பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். பின்னறையில் தையல் மெஷின் வைத்து பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாள். கொஞ்சக் காலமாக அவளிடம் வருகிற பெண்கள் கூடிப்போனார்கள். பெருநாள் நெருங்கினால் பின்வாசலில் செருப்புகள் நிறைந்திருக்கும். வியாபாரம் நடக்கிறது என்று சந்தோசப்பட வேண்டியவன் நான். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. இத்தனை பேர் வருகிறார்கள், தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. அவளுடைய போன் எப்போதும் முகம் குப்புறக் கிடந்தது. நான் அறைக்குள் போனால் கதை நிற்கும்.

பங்காளி என்னை ஏமாற்றுகிறான். தங்கச்சி எதையோ, ஒருவேளை யாரையோ, மறைக்கிறாள். இந்த இரண்டையும் நான் வேறு வேறாகவே தூக்கிக்கொண்டு திரிந்தேன்.

முந்தலில் பார்த்தது

இனி அந்தப் பெருநாளுக்கு வருகிறேன். வியாபாரம் இல்லாத அந்தப் பின்னேரம் ஷட்டரை இறக்கினோம். மறுநாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு தெற்கே உள்ள முந்தல் ஊருக்குப் போனேன். சாச்சியின் மகள் ரிஹானா அங்கேதான் குடியிருக்கிறாள். அவளுடைய கணவருக்கு இறால் பண்ணையில் வேலை.

முன்னறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட். ஆண்கள் முழுப்பேரும் அதற்கு முன்னால். நான் கை கழுவுவதற்காக உள்ளே போனேன். நடு அறையில், பாயில், ரிஹானாவின் இரண்டு பெண் பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் படுத்துக் கிடந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு சின்னப் பெட்டி. சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள்ளேயே திரை, அதற்குள்ளேயே பொத்தான்கள். கையடக்க கேம். டிவி வேண்டியதில்லை, சார்ஜ் பண்ணினால் போதும்.

அந்தச் சாமான் எனக்குத் தெரியும். ஒருமுறை கொஞ்சம் எடுத்துக் கடையில் வைத்துப் பார்த்தேன். வாப்பாமார் தூக்கிப் பார்த்துவிட்டு, இதென்ன விளையாட்டுச் சாமான் என்று திருப்பி வைத்தார்கள். அதன் பிறகு கொழும்புக்காரரிடம் கேட்டபோதெல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார்.

முடிந்துபோன சாமான் இங்கே பாயில் கிடந்து மினுங்கியது. எங்கே வாங்கியது என்று கேட்டேன்.

மூத்தவள் தலையைத் தூக்காமலே, "உங்கட கடையிலதானே மாமா," என்றாள்.

ரிஹானா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாரிஸ் நானாதான் பெருநாளைக்கு முந்தின நாள் கொண்டு வந்து தந்தார், பிள்ளைகளுக்குப் பெருநாள் சல்லி சேர்ந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்றார், எனக்குத் தெரியும் என்று நினைத்தாளாம். பிறகு சிரித்துக்கொண்டே தன் மகனைப் பற்றிச் சொன்னாள்.

"அவனுக்குத்தான் கோவம். முந்தியெல்லாம் இவளுகள்ட பெருநாள் சல்லியையும் சேத்து எடுத்துக்கிட்டுத்தான் உங்கட கடைக்கு வருவான். இப்ப இவளுகள் குடுக்கிறல்ல."

எனக்குக் கை கழுவ மறந்துபோயிற்று. இத்தனை வருடமாக ஒரு டிஸ்க் வாங்குவதற்கு ஒரு பையனுடைய சல்லி எப்படிப் போதுமாக இருந்தது என்று நான் யோசித்ததே இல்லை. அதில் பாதி தங்கச்சிமாருடையது. அந்தப் பாதிதான் இப்போது வேறு பக்கம் போகிறது.

திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி ஏதோ கதைத்துக்கொண்டு வந்தாள். என் மனதில் ஒரே ஒரு பெயர்தான் ஓடியது: பாரிஸ்.

உப்பு வயலில்

அடுத்த நாள் காலை அவன் கடையில் இல்லை. உப்பு வயலில் இருப்பான் என்று அங்கே போனேன். வெயில் ஏறுவதற்கு முன்பே அந்த இடம் கண்ணைக் குத்தும். வரம்பில் நின்று பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. எனக்குத் தெரியாமல் சாமான் எடுக்கிறாய், என் சொந்தக்காரர் வீட்டிலேயே விற்கிறாய் என்றேன். பள்ளிக்கூட வாங்கில் தொடங்கி நினைவுக்கு வந்த எல்லாவற்றையும் சொன்னேன். அதற்காகத்தானா அன்று பக்கத்தில் வந்து இருந்தாய் என்றும் கேட்டேன்.

நான் சொல்லி முடிந்ததும், "நான் விக்கல்ல மச்சான். நான் கொண்டு போய்க் குடுக்கிற ஆள் மட்டும்தான்," என்றான்.

யாருக்கு என்று கேட்டேன்.

"உன்ட வீட்டுல கேளு."

இந்த வார்த்தையை ஒருவன் தன் நண்பனிடம் சொல்லும்போது அதற்கு ஆயிரம் அர்த்தம் வரும். வீட்டில் என் மனைவி இருக்கிறாள், உம்மா இருக்கிறா, தங்கச்சி இருக்கிறாள். நஸ்ரியாவின் குப்புறக் கிடக்கும் போனும், கானுக்குப் பக்கத்தில் பாரிஸ் முதுகைக் காட்டி நிற்பதும் அந்த வரம்பில் நிற்கும்போதுதான் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். வீடு வரும்வரை நான் நினைத்தவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

அலுமாரிக்குள்

நஸ்ரியா பின்னறையில் இருந்தாள். அலுமாரியைத் திற என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் அதுதான் வந்தது. அழுவாள் அல்லது மறுப்பாள் என்று எதிர்பார்த்தேன். எழும்பி வந்து சாவியைப் போட்டுத் திறந்தாள்.

மேல் தட்டில் துணிகள். கீழ்த் தட்டு முழுக்க முந்தலில் கண்ட அதே கையடக்க கேம்கள், சின்னச் சின்னப் பெட்டிகளில், ஒன்றின் மேல் ஒன்றாக. சில பெட்டிகளில் பள்ளிவாசல்துறை என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்த ஊர் மீனவக் குடும்பங்களுக்கு, வள்ளங்கள் கரையில் கிடக்கும் நாட்களில் கொடுத்துவிட வைத்திருந்தவை. தைக்கக் கொடுக்க வருகிற உம்மாமார்தான் வாடிக்கையாளர்கள். ஒருத்தி சொல்லி மற்றவள், அவள் சொல்லி இன்னொருத்தி என்று போன் வழியாகவே பரவியிருக்கிறது. கொழும்புக்காரரோடும் அவளே கதைத்துப் பேசி முடித்திருக்கிறாள், சிங்களத்தில். கையடக்க கேம் வந்தால் முதலில் அவளுக்கு. எனக்கு ஒவ்வொரு முறையும் முடிந்துவிட்டது என்று சொன்னதற்குக் காரணம் அதுதான். அவர் நல்ல சாமானை வேறு யாருக்கோ ஒதுக்குகிறார் என்று நான் சந்தேகப்பட்டது சரி. அந்த வேறு யாரோ என் வீட்டுப் பின்னறையில் இருந்திருக்கிறாள்.

என் கடை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன்.

"உங்கட கடைக்கு முன்னால எத்தினை ஆம்பிளையள் நிக்கிறாங்க? எந்த உம்மா மகள்ட கையப் புடிச்சிக்கிட்டு உள்ளுக்கு வருவா?" என்றாள். "லீவு நாளையில டிவி யார்ட கையில இரிக்கு, சொல்லுங்க. வாப்பா பாப்பாரு, இல்லாட்டி நானாமார் விளையாடுவாங்க. பொம்புளப் புள்ளைகள் பாத்துக்கிட்டு இரிக்கணும். பெருநாள் அவளுகளுக்கும்தானே."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிரிப்பீங்க நானா? நல்லா ஓடுற சாமான் எண்டு கடைக்குக் கொண்டு போயிரிப்பீங்க. நான் திரும்பவும் தையல் மெஷின்ல இரிந்திரிப்பன்."

அப்படித்தான் செய்திருப்பேன்.

கடைசியில் பாரிஸின் பெயரைச் சொன்னேன். மிச்சத்தை அவளே முடித்தாள். பார்சலை எடுத்துத் தருகிறார், தூரத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுகிறார், அதற்குரியதை வாங்கிக்கொள்கிறார். "வேற ஏதும் கேக்கணும் எண்டா நேராக் கேளுங்க," என்றாள். நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

கேட்ட கேள்வி

கொஞ்சக் காலம் நானும் பாரிஸும் கடைக்குள் தேவைக்கு மட்டும் கதைத்தோம். இந்த டிஸ்க்கை எடு, அந்த வயரைத் தா, அவ்வளவுதான். பிரிந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பொய் இருந்தது உண்மை. அவன் என்னிடம் மறைத்தான். தங்கச்சிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன் என்று சொன்னான். அது காரணம்தான். ஆனால் ஒரு மனிதன் இன்னொருவருடைய தங்கச்சிக்கு ஏன் வாக்குக் கொடுக்கிறான்?

ஒருநாள் மழை. கடையில் யாரும் இல்லை. கேட்டுவிட்டேன். நஸ்ரியாவைப் பற்றி உனக்கு ஏதாவது எண்ணம் இருக்கிறதா என்று.

அவன் கொன்ட்ரோலர் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைப்பதை நிறுத்தாமலே சொன்னான்.

"கேட்டன் மச்சான். மாட்டாண்டுட்டா."

எப்போது என்று கேட்டேன். நஸ்ரியா வியாபாரம் தொடங்கின காலத்திலேயே என்றான். முறையாக என்னிடம் வந்து பேசட்டுமா என்று முதலில் அவளிடம்தான் கேட்டானாம். ஒரு கலியாணம் போதும், எனக்குக் கொழும்புச் சாமானை எடுத்துத் தந்தால் அது பெரிய உதவி என்றாளாம். அவனும் எடுத்துக் கொடுத்தான், அன்றிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும். வேறொன்றும் கேட்கவில்லை.

நான் அவனை உற்றுப் பார்த்தேன். பழக்கம். முகத்தில் எதையாவது கண்டுபிடிக்கலாம் என்று பார்க்கிற பழக்கம். மழையில் நனைந்த ஒருவர் உள்ளே வந்து பெற்றரி இருக்கிறதா என்று கேட்டார். பாரிஸ் எழும்பிப் போய் எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து நாங்கள் பழையபடி கதைக்கத் தொடங்கினோம்.

ஹஜ்ஜுப் பெருநாள்

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் நஸ்ரியா பின்னறையை விட்டுவிட்டாள். நான் கடையில் ஒரு மூலை தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். நாலு தெரு தள்ளி, பெண்கள் மட்டும் போகும் ஓர் அழகு நிலையத்தின் முன்னறையை வாடகைக்கு எடுத்தாள். போர்ட் எழுதித் தரட்டுமா என்று பாரிஸ் கேட்டான். அதையும் வேண்டாம் என்றாள். தேடி வருகிறவர்களுக்கு வழி தெரியும் என்று.

பெருநாளுக்கு முந்தின நாள் என் கடையில் நல்ல கூட்டம். சத்தத்துக்கு நடுவில், அபாயா போட்ட ஒரு தாய் வாசலிலேயே நின்றா. கூட ஒரு பெண் பிள்ளை. உள்ளே வராமல், கையடக்க கேம் இருக்கிறதா என்று அங்கிருந்தே கேட்டா. இல்லை என்று தலையாட்டினேன். பிறகு நஸ்ரியாவுக்குப் போன் எடுத்து, எனக்குக் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று விசாரித்தேன். அங்கேயும் ஒரே சத்தம். என் குரலை அடையாளம் கண்டும் அவள் வேலைக் குரலிலேயே பேசினாள்.

"இரிக்கிறது என்ட ஆக்களுக்கே காணாது நானா. பெருநாள் முடிஞ்ச பொறகு எடுங்க, பாப்பம்."

போனை வைத்தாள். கொழும்புக்காரர்கூட என்னை இவ்வளவு சுருக்கமாக அனுப்பியதில்லை.

அந்தத் தாய் இன்னும் போகவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, நாலாவது தெருவைக் கையால் காட்டி, அழகு நிலையத்தின் அடையாளத்தைச் சொன்னேன். அவ திரும்பிப் போய், இரண்டடி வைத்துவிட்டு நின்றா. ஏதோ யோசனை வந்திருக்க வேண்டும். சாமான் வாங்கி ஏமாந்த முகம் அது. எனக்கு நன்றாகத் தெரிந்த முகம்.

"அங்க நம்பி வாங்கலாமா நானா?"

"நம்பி வாங்கலாம்," என்றேன். "ஆனா விலை குறைக்கச் சொல்லிக் கேக்காதீங்க. எனக்கே குறைக்க மாட்டா."

பிள்ளை உம்மாவின் கையை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.